மன்னாருக்குப் போகும் முன் படித்தவை

இலங்கைக்குப் போகப்போகிறேன், அதற்கு முன்னால் அந்த நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் படிக்கிறேன் என்று எங்கள் கரையில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "நமக்குத் தெரியாத இலங்கையா?" கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோமீட்டர்கூடக் கிடையாது. மண்டபத்திலிருந்து பரமக்குடி அதைவிடத் தூரம். அரிச்சல்முனையில் நின்றால் செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் அம்மா தலைமுறைக்குப் பொழுது விடிந்ததே இலங்கை வானொலியில்தான். கீழக்கரையில் கொழும்பு வியாபாரத்தில் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். இதற்கு மேல் என்ன புத்தகம்?

இந்தப் பேச்சு ரொம்ப நாளாக எனக்கு ஒப்பவில்லை. ஜப்பானுக்கோ வியட்நாமுக்கோ போகிறவர் நாலு விஷயம் படித்துவிட்டுப் போவதை எல்லாரும் மெச்சுகிறோம். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் சுவர் வழியே காதில் விழுந்தது போதும் என்று இருந்துவிடுகிறோம். காதில் விழுந்தது பொய் என்று சொல்லவில்லை. அது நமக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக நடந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டில் மெதுவாக நடந்தவையும், மறுபக்கத்துச் சுவரை ஒட்டி நடந்தவையும் நமக்கு எட்டியிருக்காது. மன்னார், யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு என்று ஒரு பயணம் முடிவானதும் டிக்கெட்டுக்கு முன்னால் புத்தகங்களைத்தான் தேடினேன். பயணம் முடிந்து வந்த பிறகு இந்தக் கருத்து இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது: இந்தக் கரைக்காரர்கள்தான் மற்ற எவரையும்விட அதிகம் படித்துவிட்டுப் போக வேண்டும்.

கேம்பிலிருந்து தொடங்கினேன்

நம் ஆட்கள் இலங்கையைப் படிக்க உட்கார்ந்தால் 1983 ஜூலையில்தான் புத்தகத்தைத் திறப்பார்கள். நான் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் கேம்பிலிருந்து தொடங்கினேன். இன்றைக்கு அகதி முகாம் என்று அறியப்படும் அந்த இடம், வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கை அரசே இந்திய மண்ணில் நடத்திய தனிமைப்படுத்தும் முகாம். தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க இங்கே அடைத்து வைத்து, பிறகு ரயிலேற்றி, தனுஷ்கோடியில் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே பயணமாக ஆனது. போட் மெயில் என்றால் எங்கள் பெரியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஆனால் அந்தப் பாதையில் போனவர்களில் பெரும்பகுதி கூலிக்குப் போனவர்கள் என்பது அந்தப் பேச்சில் வராது.

அப்புறம் என்ன ஆனது? 1948 பிப்ரவரி 4-ல் இலங்கைக்கு விடுதலை. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம். அந்தச் சட்டம் கேட்ட ஆதாரங்கள் தோட்டத்து மக்களிடம் இல்லை. 1947 தேர்தலில் மலையகம் தன் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கே இல்லை. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் கணக்குப் போட்டது 9,75,000 பேருக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்கப்படாத மக்களை இரண்டு தலைநகரங்கள் எண்களாகப் பங்கிட்ட அந்தப் பக்கங்களை என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. வைத்துவிட்டு வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பிறகு திரும்பியவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். முதலில் அவர்களை வைத்தது அதே மண்டபம் கேம்பில். பாட்டன் போன வழியிலேயே பேரன் திரும்பி வந்தான், தான் ஒருநாளும் பார்த்திராத "சொந்த" நாட்டுக்கு. சிலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

இதைப் படிக்காமல் நுவரெலியாவுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை மற்ற பயணக் குழுக்களில் பார்த்தேன். ராமாயணச் சுற்றுலாவாக வந்தவர்கள் சீதையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வழியில் வண்டியை நிறுத்தி, கொழுந்துக் கூடையை வாங்கித் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூடைக்குச் சொந்தக்காரப் பெண் ஓரமாக நின்றார். அவருடைய பூட்டி ராமநாதபுரம் சீமையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ எங்கள் ஊர் வழியாகப் போனவராக இருக்கலாம். 2003-ல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் நாடற்றவர் என்ற நிலை அங்கே ஏறக்குறைய ஒரு முடிவுக்கு வந்தது. கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது யாராவது ஒருவர் "உங்க பூர்வீகம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்ணிடமிருந்து எவ்வளவு பேச்சு வந்திருக்கும்! நான் கேட்ட இடங்களில் எல்லாம் வந்தது.

1990, ஐப்பசி

என் படிப்பில் எல்லாம் மாறியது ஓர் ஆண்டில் வந்து நின்றபோதுதான். படிக்க ஒரு வழி வைத்திருந்தேன். நாடு முழுவதையும் காலவரிசையில் படித்தால் பெயர்களும் ஒப்பந்தங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. அதனால் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊரில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று மட்டும் தேடுவேன். நான் பிடித்துக்கொண்ட ஊர் மன்னார், எங்களுக்கு எதிர்க்கரை.

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. அந்த ஆண்டை எங்கள் ஊரில் நடுத்தர வயதைத் தாண்டிய எல்லாரும் சொல்வார்கள். பாம்பனில் இருக்கும் என் மாமா கரையில் நின்றவர். "எத்தனை வள்ளம்னு கணக்கே இல்ல தாயி. ராத்திரி பூரா வந்துக்கிட்டே இருக்கும். கைப்புள்ளைகள முதல்ல வாங்கிக் கரையில விடுவோம், அப்புறம் கிழவிங்க" என்று சொல்லும்போது அவர் கைகள் தாமாகவே ஏந்திக்கொள்ளும். அந்த அலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இந்தக் கதையோடுதான் நான் வளர்ந்தேன்.

அதே ஆண்டு, அதே மன்னார்க் கரை, அக்டோபர் கடைசி. வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அக்டோபர் 30-ம் தேதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் கொஞ்சம் பணம், மாற்றுத்துணி, அவ்வளவுதான். நகையைக்கூட விடவில்லை. வடக்கு முழுவதும் 70,000 பேருக்கு மேல் சில நாட்களில் துடைத்து எடுக்கப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து கிளம்பியவர்கள் குழந்தைகளோடு கடற்கரையில் காத்திருந்து, வள்ளங்களில் ஏறித் தெற்கே கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்தைச் சுற்றிக் கிடுகுக் கொட்டகை முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது.

மேஜையில் வரைபடம் இருந்தது. மன்னாரில் விரலை வைத்தேன். ஒரே கரையிலிருந்து, ஒரே ஆண்டில், இரண்டு பக்கம் வள்ளங்கள் போயிருக்கின்றன. மேற்கே வந்தவை எங்கள் கரைக்கு வந்தன. அவர்களைத் தூக்கி இறக்கினோம், சோறு போட்டோம், அவர்கள் கதையை எங்கள் கதையாக்கிக்கொண்டோம். தெற்கே போனவை எங்கள் கண்ணிலேயே படவில்லை. எந்த வள்ளம் எங்கள் மணலில் தட்டியதோ அதுவே எங்களுக்கு இலங்கை வரலாறாக இருந்திருக்கிறது. 2022-ல் பொருளாதாரம் விழுந்தபோதும் இதேதான். கொழும்புத் தெருக்களில் மக்கள் ஜனாதிபதியைத் துரத்திய கதையைவிட, அங்கிருந்து படகில் தப்பி வந்து, நடுக்கடல் மணல் தீடையில் இறக்கிவிடப்பட்டுத் தவித்த குடும்பம்தான் எங்களுக்கு 2022.

மறுநாள் மாமாவிடம் கேட்டேன். "அந்த வருஷம் மன்னாருலேருந்து பாய்மாருங்க யாரும் வந்தாங்களா மாமா?"

"நான் பாத்து ஒண்ணு ரெண்டு குடும்பம் இருக்கும். ஏந்தாயி?"

சொன்னேன். அவர் முதலில் கேட்டது கடலைப் பற்றி. "ஐப்பசி மாசமா? மழ காலமாச்சே. கைப்புள்ளைய வச்சுக்கிட்டுத் திறந்த வள்ளத்துலயா கற்பிட்டிக்குப் போனாங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "யார் போகச் சொன்னது?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் போராளிகளுக்காக உண்டியல் குலுக்கியவர் அவர். முள்ளிவாய்க்காலில் நடந்ததை விட்டுவிட்டு இதையா படிக்கிறாய் என்று கோபப்பட்டார். முள்ளிவாய்க்காலை நான் விடவில்லை. 2009-ன் அந்த மாதங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சின்னஞ்சிறிய மணல் துண்டில் அடைபட்ட மக்கள்மீது குண்டு விழுந்ததை எதைக் கொண்டும் சமன் செய்ய முடியாது. ஆனால் ஒரு துயரத்தைப் படிப்பதற்கு இன்னொரு துயரத்தின் அனுமதி வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மாமாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் அன்றைக்கு ஏற்றுக்கொள்ளவில்லை.

மன்னாரில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். தேநீர் குடிக்கும்போது, "நீங்கள் கற்பிட்டியிலா இறங்கினீர்கள்?" என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இந்தியாவில இருந்து வாற ஆக்கள் ஆமியப் பத்தித்தான் கேப்பாங்க மகள். கற்பிட்டிய ஆரும் கேட்டதில்ல" என்றார். பிறகு பின்பக்கம் கூட்டிப்போய்க் கிணற்றைக் காட்டினார். கிணற்றுக்கட்டின் சிமெண்ட் காயுமுன் அவருடைய வாப்பா ஆணியால் கீறிய ஆண்டு அப்படியே இருந்தது: 1976. கடைசி ஆறு கொஞ்சம் சரிந்து, பக்கத்தில் ஒரு சின்னப் பிறை. போர் முடிந்து அவர் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வீட்டுக்குள் முள்மரம் முளைத்திருந்தது. தன் வளவு இதுதான் என்று அடையாளம் சொன்னது அந்தக் கிணறுதான். அதைச் சுற்றித்தான் மறுபடி கட்டியிருக்கிறார். பிள்ளைகள் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் ஊர். 90-ல் கிளம்பும்போது பக்கத்து வளவுத் தமிழ்க் குடும்பம் அழுததையும், அந்தக் குடும்பம் சில வாரங்களில் ராமேஸ்வரம் போய்விட்டதையும் சொன்னார். "உங்கட ஊருக்குத்தான் வந்தவங்க. இப்ப எந்தக் கேம்பில இருக்கிறாங்களோ." விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தெற்கில் ஒரு சுவர்

மன்னார் திறந்துவிட்ட வழியில் தெற்கையும் படித்தேன். சிங்களவர் என்றால் ஆட்சி, ராணுவம், பிக்கு என்ற அளவில்தான் எங்கள் பேச்சு நிற்கும். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் சிங்கள இளைஞர்கள் அரசை எதிர்த்து எழுந்து நசுக்கப்பட்டார்கள். 1987-ல் ராஜீவ்–ஜெயவர்த்தன ஒப்பந்தமும் இந்திய ராணுவமும் வந்தபோது, அதை எதிர்த்து அதே கட்சி இரண்டாவது முறை ஆயுதம் எடுத்தது. இந்தியப் பொருள் விற்கக் கூடாது என்று கடைக்காரர்களை மிரட்டியது, மறுத்தவர்களைக் கொன்றது. அரசுத் தரப்புக் கொலைப்படைகள் பல மடங்கு திருப்பிக் கொன்றன. 1989-ல் தெற்கின் ஆறுகளில் சிங்களப் பிள்ளைகளின் உடல்கள் மிதந்தன. எம்பிலிபிட்டியவில் பள்ளிக்கூட மாணவர்களையே ராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. கொல்லப்பட்டும் காணாமலும் போனவர்கள் பல்லாயிரம் பேர். இதே இந்திய ராணுவம் அந்த ஆண்டுகளில் வடக்கில் புலிகளை எதிர்த்துச் சண்டையிட்டது. நம் நாட்டின் ஒரு முடிவு அந்தத் தீவின் இரண்டு முனைகளிலும் என்னென்ன செய்தது என்பதை இங்கே எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

2024 செப்டம்பரில் ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தது. இந்த இரண்டு செய்திகளும் எவ்வளவு பெரியவை என்பது 1971-ஐயும் 1989-ஐயும் படித்தவருக்குத்தான் உறைக்கும்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சீதுவையை அடுத்த ரத்தொலுவவில், காணாமல் போனவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. சுவரில் முகங்கள். ஒவ்வோர் அக்டோபர் 27-லும் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. விமானத்தில் வந்து இறங்கும் நம் ஆட்கள் எல்லாரும் அதற்கு மிக அருகில்தான் கடந்து போகிறார்கள். நாங்கள் போனபோது யாரும் இல்லை. பெரும்பாலும் இருபது வயது முகங்கள், சட்டைக் காலர் பெரிதாக, பாஸ்போர்ட் படத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் கிளிநொச்சியில், 2017 முதல் சாலையோரத்தில் போராடிவரும் தமிழ்த் தாய்மாரைப் பார்த்திருந்தோம். அவர்கள் மடியில் வைத்திருந்த படங்களும் இதே மாதிரிப் படங்கள்தான்.

வலை

இத்தனையும் எங்கள் கரைக்கு எதற்கு? பேசாமல் சுற்றிப்பார்த்துவிட்டு வரலாமே? இதற்கு என்னிடம் ஒரு நேரடியான பதில் இருக்கிறது, அது மீன்பிடி. கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம், கடற்படை பிடித்த படகுகள் என்று எங்கள் ஊரில் நித்தமும் பேச்சு. ஊர்க்காரர்கள் சிறையில் கிடக்கும்போது அந்தப் பேச்சின் வலி உண்மையானது. ஆனால் எதிர்க்கரையில் போர்க்காலக் கடல் எப்படி இருந்தது என்று படித்தால் இன்னொரு பாதி தெரிகிறது. வடக்கின் தமிழ் மீனவர்கள் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். தடை செய்யப்பட்ட கடற்பகுதிகள், அனுமதிச் சீட்டு, இன்ன குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் கூடாது என்று கட்டுப்பாடுகள். அதே காலத்தில் எங்கள் விசைப்படகுகளின் எண்ணிக்கை பெருகியது. 2009-க்குப் பிறகு அவர்கள் கடன் வாங்கி வலை போட்டுக் கடலுக்கு வந்தபோது, எங்கள் விசைப்படகுகள் இழுக்கும் இழுவைமடி வலை அங்கே கடலின் அடிமண்ணை அரித்துக்கொண்டிருந்தது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் வடக்கின் தமிழ் மீனவர்களும் உண்டு. இங்கே பலர் நினைப்பதுபோல் சிங்களக் கடற்படையின் தனி விருப்பம் இல்லை அது.

மன்னாரில் ஒரு மீனவர் அறுந்த வலையைக் கையில் விரித்துக் காட்டினார். நீல நைலான், நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. எங்கள் படகுகள் எந்தக் கிழமைகளில் வரும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் அவர்கள் வலை போடுவதில்லை. படகுக்காரர் வீட்டுப் பெண் நான் என்று சொல்லித்தான் அவரிடம் பேச ஆரம்பித்தேன், அதைச் சொல்லாமல் பேசுவது சரியாகப் படவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. தன் சின்னம்மா குடும்பம் மண்டபம் கேம்பில் இருந்ததையும், அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட்டதையும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் மாமாவிடம் அந்த வலையின் படத்தைக் காட்டினேன். அவருக்கு இப்போது ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு. ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "வலை அறுபடுறது எங்களுக்குத் தெரியாமலா இருக்கு? டீசல் கடனை யாரு கட்டுறது?" என்றார். இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-ல் அரசு திட்டம் போட்டதும், 2,000 படகுகள் என்று இலக்கு வைத்ததும், அதில் ரொம்பத் தூரம் போகாததும் எனக்குத் தெரியும். அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

பிறகு அவரே கேட்டார், "போர் நேரத்துல அவங்க கடலுக்கே போகலையா? எத்தனை வருஷம்?" எடுத்து வைத்திருந்த பக்கங்களைப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "அப்போ வாரத்துல மூணு நாளு நாங்க போறோம்னா, அவங்களுக்கு இப்பவும் அந்த மூணு நாளு கடல் கிடையாதா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது: ஆழ்கடல் படகுக்கான மானியம், மாறினால் எத்தனை நாள் கடலில் தங்க வேண்டியிருக்கும், பழைய படகை யார் வாங்குவார்கள் என்று. சங்கத்தில் அடுத்த கூட்டம் நடக்கும்போது அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1990 ஐப்பசியைப் பற்றியும் ஒரு பக்கம் சேர்க்கலாமா என்று கேட்டேன். எழுது, பார்க்கலாம் என்றார்.